கமூன் எந்தக் கூட்டம்?

நோன்பு மாதத்தில், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கெய்ரோவுக்கு ஒரு கிறக்கம் வரும். வண்டிகள் ஓடும், ஆனால் ஹாரன் அடிக்க யாருக்கும் தெம்பு இருக்காது. பாலைவனப் பக்கமிருந்து வரும் புழுதி வெயிலோடு கலந்து, மஆதிப் பகுதித் தெருவின் மரங்கள் பால் விடாத தேநீர் நிறத்தில் நிற்கும். அந்த நேரத்தில் யார் எதை முடிவு செய்தாலும் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் போகும். தெமியானாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, அவள் வேலையே அந்த நேரத்தில் முடிவு சொல்வதுதான். புது நாயைக் கூட்டிவருகிற மகராசர்கள் எல்லோரும் நோன்பு மாதத்தில் மதியம்வரை தூங்குகிறார்களே.

நாய்ப் பள்ளிக்கூடம் என்று தெருக்காரர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் நாயை விட்டுவிட்டு மாலையில் கூட்டிப்போகிற இடம். முதலாளி நாஸ்லி மேடத்தின் பழைய மாந்தோப்பை கம்பி வலை போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள். புதிதாக வருகிற நாய் எந்த வலைக்குள் போகவேண்டும், யாரோடு சேர்ந்து விளையாடவேண்டும் என்று சொல்கிறவள் தெமியானா. அவள் சேர்த்துவைத்த கூட்டத்தில் இதுவரை ஒரு காது கிழிந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

உருவம் பார்த்துச் சேர்ப்பது, நகையைப் பார்த்துக் கல்யாணம் முடிப்பது மாதிரி என்பாள். விளையாட்டு பார்க்கவேண்டும். இடித்துக்கொண்டு ஓடி, ஓடிக்கொண்டே ஏறி, ஓடிக்கொண்டே விழுகிறதுகளுக்கு, கெய்ரோவின் சிற்றுந்துகளை நினைத்து ‘மைக்ரோபஸ்’ என்று பெயர் வைத்திருந்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிற, யார் சொல்வதும் யாருக்கும் கேட்காத கூட்டம் ‘கல்யாண வீடு’. நிழலில் படுத்து, எழுந்து, வெயில் நகர நகர இடம் மாறிப் படுப்பதையே விளையாட்டாக வைத்திருக்கும் கிழங்கள் ‘பாஷாக்கள்’. புது நாய் வந்தால் முதலில் ஹலாவாவோடு விடுவாள். ஹலாவா மஞ்சள் நிறப் பெட்டை, தடித்த உடம்பு, யார்மேலும் கோபமில்லாத பிறவி. அவளோடு ஒத்துப்போகாத நாய் உலகத்தில் யாரோடும் ஒத்துப்போகாது.

தெமியானாவுக்கு ஒரு விதி இருந்தது. நாயைப் பார், ஆளைப் பார்க்காதே. ஆட்கள் பொய் சொல்வார்கள். ‘என் பிள்ளை எறும்பைக்கூட மிதிக்காது’ என்று சொன்ன சீமாட்டியின் பிள்ளை, உள்ளே வந்ததும் முதல் காரியமாக ஒரு பாஷாவின் வாலைக் கவ்வியது. அன்றிலிருந்து நாயை வலைக்குள் விட்டதும், கூட்டி வந்தவர்களை வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பவே மாட்டாள்.

அந்த விதிதான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

கமூன் தெருநாய் இனம். சீரக நிறம், அரபியில் பெயருக்கு அர்த்தமும் அதுதான். வால் முதுகின்மேல் சுருண்டு கிடக்கும். கூட்டி வந்தவள் நவ்வாரா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். மெலிந்த பெண், கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம். ஏற்கெனவே இரண்டு முறை பரிசோதனைக்கு வந்தாயிற்று. முதல் தடவை கமூன் ஹலாவாவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். ஹலாவாவைப் பார்த்து! இரண்டாம் தடவை, காவலாள் சப்ரியின் தொழுகை அங்கியின் ஓரத்தைக் கிழித்துவிட்டான்.

அது சாதாரண விஷயமில்லை. சப்ரி நாள் முழுக்க நாய்களோடு புரள்கிறவர். நாய் எச்சில் பட்ட துணியோடு தொழ முடியாது என்பதால், வெள்ளை அங்கி ஒன்றை உயரமான ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அதை அவர் போட்டுக்கொண்டால் பாஷாக்கள்கூட ஒதுங்கிப் படுக்கும். அப்படிப்பட்ட அங்கியை கமூன் கடித்து இழுத்தான்.

“ஏழு தடவ அலசினேன்மா, ஏழு தடவ! கை தோல் உரிஞ்சு போச்சு,” என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று மூன்றாம் தடவை. நாஸ்லி மேடம் மாடி முகப்பில் நின்று கீழே பார்த்துச் சொல்லிவிட்டாள்: “தெமியானா, இன்னைக்கும் பல்லக் காட்டுச்சுன்னா அதோட சரி. உறுமுற நாய என் தோட்டத்துல வெச்சுக்க முடியாது. மத்தவங்க என்னை நம்பி விட்டுட்டுப் போறாங்க.”

“சரி மேடம்.”

நவ்வாரா கமூனின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, ஒரு வார்த்தை. பெருநாள் முடிஞ்சா எனக்குப் பகல் டியூட்டி. ராத்திரின்னா ஆஸ்பத்திரி கேட்காரர் பாத்துக்கிட்டார். பகல்ல டைரக்டர் வருவார், அங்க நாய் நிக்க முடியாது. நான் இல்லாத நேரத்துல வீட்டுல இது இருக்கக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டான். பிள்ளைங்களப் பாத்து உறுமுதாம். வண்டியில ஏத்தி ரிங் ரோட்டுல இறக்கி விட்டுருவேங்கிறான்.”

“சும்மா மிரட்டுவாரா இருக்கும்.”

“எங்க அண்ணன் பேச்சுல சும்மாவே கிடையாது. போன வருஷம் பூனைய அப்படித்தான் விட்டான். நீங்க எடுத்துக்கலைன்னா இவனுக்கு வேற போக்கிடம் இல்லக்கா.”

தெமியானா கயிற்றை வாங்கிக்கொண்டாள். ஆனால் பரிதாபப்பட்டு ஒரு நாயை உள்ளே விட்டால் இன்னொரு நாயின் காது போகும். “நாய்கிட்டக் கேப்போம். அது என்ன சொல்லுதோ அதான்,” என்றாள்.

சப்ரி தூரத்திலிருந்தே சொன்னார்: “அந்த வால நிமித்துனாலும் நிமித்தலாம், அந்தக் குணத்த நிமித்த முடியாது.”

“வால நிமித்தச் சொல்லி உங்களை யாரு கேட்டா சித்தப்பா? சுருட்டியே இருக்கட்டும். போய் ஹலாவாவக் கூட்டிட்டு வாங்க,” என்றாள் தெமியானா. சொந்தமில்லை, வயதுக்குக் கொடுத்த மரியாதைதான் அந்தச் சித்தப்பா.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஹலாவாவும் கமூனும் வலைக்கு இருபுறமும் சேர்ந்து நடந்தார்கள். மூக்கு மூக்கோடு பேசிக்கொண்டது. உள்ளே விட்டபோது கமூனின் வால் தளர்ந்தே இருந்தது. மைக்ரோபஸ் கூட்டத்தின் தலைவன் தப்லாவையும் விட்டுப் பார்த்தாள். புள்ளி புள்ளியாக உடம்பு, கல்யாணத் தப்பட்டை மாதிரி சத்தம். தப்லா முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, தெண்டனிட்டுக் கூப்பிட்டான். நாய் பாஷையில் அதற்கு ‘வர்றியா?’ என்று அர்த்தம். கமூன் ஒரு காலை எடுத்து வைத்தான். தெமியானா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் என்ன ஆயிற்றோ. அவன் சட்டென்று நின்றான். பெஞ்சுப் பக்கத்து வலைக்கு ஓடி, வலைக்கு முதுகைக் கொடுத்து, நாலு காலையும் ஊன்றி நின்றுகொண்டான். தப்லா கிட்டே வந்தான். உதடு ஏறியது, பல் தெரிந்தது. ஹலாவா வந்தாள். அதே பல். அடித்தொண்டையிலிருந்து, வெளியே கேட்டும் கேட்காமலும் ஓர் உறுமல் வந்துகொண்டே இருந்தது.

தெமியானா மற்ற இரண்டையும் வெளியே எடுத்துவிட்டாள். முடிந்தது. மாடியில் நாஸ்லி மேடம் கையை ஒருமுறை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

இனி சொல்லவேண்டியதுதான். சொல்வது அவள் வேலை. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, வலையைச் சுற்றி வேப்பமரத்தடிக்கு நடந்தாள்.

நவ்வாரா தூங்கிக்கொண்டிருந்தாள்.

செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. மடியில் பை, பைக்குமேல் கை, கைக்குமேல் கன்னம். இரவெல்லாம் டியூட்டி, பகலெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். தூங்காமல் என்ன செய்வாள்?

தெமியானா கையை நீட்டினாள். அடுத்த மரத்தருகே நின்ற சப்ரி பதறிப்போய் விரலை உதட்டில் வைத்தார்.

“எழுப்பாத! நோன்பாளி தூங்குறப்ப எழுப்பலாமா? பாவம், அந்தத் தூக்கம்தான் அவளுக்குச் சோறு. பாங்கு சொல்லட்டும், தானா எந்திரிப்பா.”

அது அந்த ஊர் வழக்கம். நோன்பு திறக்கிற மஃரிபுக்கு முன்னால் பஸ்ஸில் ஒருவன் நம் தோளில் சாய்ந்து தூங்கினால், நம் நிறுத்தம் தாண்டிப் போனாலும் தோளை எடுக்கமாட்டோம். தெமியானா சர்ச்சுக்குப் போகிறவள் என்றாலும் அவளுக்கும் அது இரத்தத்தில் ஊறியதுதான். கெட்ட செய்தி எங்கே ஓடிவிடப் போகிறது? பெஞ்சின் மறு ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

அவளுக்கும் நோன்புதான். ஈஸ்டருக்கு முந்திய நீண்ட நோன்பு. இந்த வருஷம் இரண்டு நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. பசியைவிடத் தூக்கம்தான் அவளைத் தின்றது. அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்ததிலிருந்து இரவெல்லாம் அழைப்புதான். தெமியானா, தண்ணி. தெமியானா, தலகாணி. தெமியானா, மணி என்ன? பாசக்காரர்தான், ஆனால் அவள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கிப் பல நாள் ஆயிற்று.

வெயில் கனிந்து இறங்கியது. காற்றில் எங்கிருந்தோ பருப்புச் சாறு கொதிக்கும் வாசனை வந்தது. மைக்ரோபஸ் கூட்டம் புழுதிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்கவில்லை. தண்ணீருக்கடியில் நீந்துவதுபோல் இருந்தது. தெருவுக்குக் குறுக்கே கட்டிய வண்ணக் காகிதத் தோரணம் அசைந்து, அதன் நிழல் நாய்களின் முதுகில் ஓடி, நாய்களெல்லாம் உடுத்திக்கொண்டு எங்கோ விருந்துக்குப் போகிற மாதிரி தெரிந்தது. தப்லா ஒரு குல்லாய் போட்டிருந்தான். இல்லை, அது மாவிலை. தெமியானா கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

ஒரு குழந்தை நோன்பு மாதத்துப் பிளாஸ்டிக் விளக்கைத் தட்டிக்கொண்டு தெருவில் போனது. வலைக்குள்ளிருந்து மெல்ல ஓர் உறுமல். குழந்தை போய்விட்டது, உறுமல் நின்றது. சப்ரி தொண்டையைச் செருமினார். மறுபடி உறுமல். “பாரு, பாரு, என்னப் பாத்தாலே ஆகல,” என்று அவர் முணுமுணுத்ததற்கும் ஓர் உறுமல். இதெல்லாம் தெமியானாவின் காதில் விழுந்தது. ஆனால் கனவில் கேட்கிற சத்தம் மாதிரி, ஒன்றோடொன்று சேராமல் விழுந்தது. அவள் கண்ணும் மூடத் தொடங்கியது.

பக்கத்து வீட்டு ரேடியோவில் நோன்பு திறக்கிற பீரங்கி வெடித்தது. உடனே நாலு திசையிலிருந்தும் பாங்கு எழுந்தது.

நவ்வாரா கண் திறந்தாள்.

வலைக்குள் கமூன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் பார்ப்பதைப் பார்த்தான். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை உடம்பை ஓர் உலுக்கு உலுக்கினான், குளித்துவிட்டு வந்தவன் மாதிரி. அதோடு அந்த விறைப்பு முழுதும் தூசியாய்ப் பறந்துபோயிற்று. நடுவலைக்கு ஓடி, மறுபக்கம் நின்ற தப்லாவைப் பார்த்து முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, தரையில் தாடை படுகிறவரை தெண்டனிட்டான்.

தெமியானா எழுந்துவிட்டாள். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

நவ்வாரா பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து ஒன்றைச் சப்ரிக்கு நீட்டினாள், ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். தெமியானாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் மெல்லுவது நின்றது.

“வேண்டாம்னுட்டீங்களா அக்கா?”

“இரு. பேசாத. கண்ண மூடு.”

“என்னது?”

“கண்ண மூடுங்கிறேன். தூங்குற மாதிரி சாஞ்சுக்க.”

நவ்வாரா பழத்தை வாயில் வைத்தபடியே கண்ணை மூடிச் சாய்ந்தாள். தெமியானா தப்லாவை உள்ளே விட்டாள். ஒரு சுற்று ஓடினார்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள், கமூனின் வாய் அகலமாய்ச் சிரித்தது. பாதி ஓட்டத்தில் அவன் பெஞ்சைப் பார்த்தான். நின்றான். விளையாட்டின் நடுவில் அம்மா கூப்பிட்ட பிள்ளை மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான். வலைக்கு வந்து, முதுகைக் கொடுத்து நின்று, தப்லாவுக்குப் பல்லைக் காட்டினான்.

“இப்பக் கண்ணத் தொற.”

திறந்தாள். அவன் ஓடிவிட்டான்.

சப்ரி வாயில் போட்ட பழத்தை விழுங்க மறந்து நின்றார். “அட கழுத! அன்னைக்குத் தொழக் கிளம்புன நான் என்ன பண்ணேன்? பொண்ணு முகத்துல வெயில் அடிக்குதேன்னு குடைய நகத்தப் போனேன். அவ தூங்கிக்கிட்டிருந்தா. எழுப்பிருவேன்னு நெனச்சா வலை வழியா என் அங்கியப் பிடிச்ச?”

“எழுப்பக்கூடாதுன்னு நீங்களுந்தான சித்தப்பா இப்ப என்னை அதட்டுனீங்க? நீங்க விரலக் காட்டுனீங்க, அவன் பல்லக் காட்டுனான்.”

நவ்வாரா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தெமியானா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று தடவையும் பரிசோதனையின்போது இந்தப் பெண் இருந்த பெஞ்சுப் பக்கம் ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

“இவன் யாரையும் கடிக்க வரல நவ்வாரா. நீ தூங்குனா காவல் நிக்கிறான், அவ்வளவுதான். நான் நாயப் பாக்குறேன் நாயப் பாக்குறேன்னு, நாய் எதப் பாக்குதுன்னு பாக்காம விட்டுட்டேன். வீட்டுலயும் நீ பகல்லதான் தூங்குவ?”

“ஆமா. ராத்திரி டியூட்டி ஆச்சே. எங்க வீட்டுல பகல்ல தூங்குறவளுக்கு மதிப்பே கிடையாது அக்கா. சாவி எங்க, சட்டி எங்க, பிள்ளையப் பிடின்னு ஆள் மாத்தி ஆள் வந்து உலுக்குவாங்க. இந்த ஒரு வருஷமாத்தான் யாரும் எழுப்புறதில்ல. அண்ணிக்கு ஒரு வழியா இரக்கம் வந்திருச்சுன்னு நெனச்சு, அவளுக்கு ஒரு நல்ல சால்வை வேற வாங்கிக் குடுத்தேன்,” என்றாள்.

சொல்லி முடித்ததும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். வலைக்குள் கமூன் தப்லாவோடு புழுதியில் புரண்டுகொண்டிருந்தான். அவளைப் பார்க்கக்கூட அவனுக்கு நேரமில்லை.

“அண்ணிக்கு வாங்குனத இவனுக்குல்ல போத்தியிருக்கணும்,” என்றார் சப்ரி. பிறகு ஆணியிலிருந்து அங்கியை எடுத்து, தைத்த ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, தொழப் போனார்.

நாஸ்லி மேடம் லேசில் மசியவில்லை. “அப்ப யாரு தூங்குனாலும் உறுமுமா?” என்று கேட்டாள். “அவ இங்க இருக்கமாட்டா மேடம். விட்டுட்டுப் போயிருவா. கண்ணு முன்னால தூங்குறவ இல்லைன்னா இவனுக்கு வேலை இல்ல, வேலை இல்லைன்னா விளையாடுவான்,” என்றாள் தெமியானா. “ஒரு வாரம். ஒரே ஒரு உறுமல் கேட்டேன், அதோட சரி,” என்றாள் மேடம்.

பெருநாள் முடிந்த முதல் நாள் காலையில் நவ்வாரா கமூனை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போ என்று தெமியானா சொன்னபடியே திரும்பிப் பார்க்காமல் போனாள். தோள் மட்டும் குலுங்கியது. கமூன் வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தப்லா வந்து இடித்தான். அவ்வளவுதான், மைக்ரோபஸ் கிளம்பிவிட்டது. அன்று ஓடினான், மறுநாள் ஓடினான், அதற்கு மறுநாளும் ஓடினான். ஒரு பல்கூடத் தெரியவில்லை. தெமியானா வீட்டுக்குப் போய் அப்பாவிடம், கமூன் மைக்ரோபஸ்ஸேதான், சந்தேகமே இல்லை என்று சொன்னாள். “நல்லது. அந்தத் தண்ணிய எடு,” என்றார் அப்பா.

வாரத்தின் கடைசி நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. முஸ்லிம்களுக்குப் பெருநாள் வந்துபோயிற்று, அவளுக்கு ஈஸ்டர் இன்னும் வரவில்லை. வயிறு காலி. முந்தின இரவு அப்பா கூப்பிடாத நேரமே இல்லை. மதிய ஓய்வுக்கு நாய்களையெல்லாம் நிழலில் படுக்கவைத்துவிட்டு, மைக்ரோபஸ் வலைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். காவலுக்குத்தான் உட்கார்ந்தாள். மாவிலைகள் அசைந்தன. ஒளி வட்டம் வட்டமாகத் தரையில் நீந்தியது. தப்லா குல்லாயோடு விருந்துக்குக் கிளம்பினான். அவளும் கூடவே போனாள்.

எவ்வளவு தூரம் போனாளோ தெரியாது. எங்கோ பின்னால், அடித்தொண்டையிலிருந்து, கேட்டும் கேட்காமலும் ஓர் உறுமல் கேட்டது. அவளுக்கு அந்த உறுமல் தெரியும். மேடம் வைத்த ஒரு வாரக் கெடு நினைவுக்கு வந்தது. இமையைக் கொஞ்சமே கொஞ்சம் பிரித்துப் பார்த்தாள்.

நாற்காலிக்கு முன்னால், அவள் காலுக்கு முதுகைக் கொடுத்து, நாலு காலையும் ஊன்றி கமூன் நின்றான். வலைக்கு வெளியே நாஸ்லி மேடம். திட்டுவதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. மேடம் நாயைப் பார்த்தாள். பிறகு நாய்க்குப் பின்னால், நாற்காலியில் வாய் பிளந்து தலை தொங்கிக் கிடந்தவளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரிப்பா, சரி. நான் ஒண்ணும் எழுப்பல,” என்றாள் கமூனிடம், ரகசியமாக. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சருகு மிதிபடாமல் பார்த்துப் பார்த்துத் திரும்பி நடந்தாள்.

உறுமல் நின்றது. கமூனின் முதுகுச் சூடு தெமியானாவின் காலில் பட்டது. எழுந்து அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எழுந்தால் அவன் விளையாடப் போய்விடுவான். கண்ணை மூடிக்கொண்டு, சாயங்காலம் நவ்வாரா வந்து கூப்பிடுகிறவரை தூங்கினாள்.